இரட்டைப் பூ

மில்லுக்குப் பின்னால் இருந்த நம் தெருவில் என்னோடு வளர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு தீபாவளிக்கு நாம் எல்லோரும் ஒரே துணியில் சட்டையும் பாவாடையும் போட்டுக்கொண்டு நின்றோமே, ஞாபகம் இருக்கிறதா? மஞ்சள் தரை. அதில் கறுப்புக் கோட்டால் வரைந்த வெறும் பூ. அதற்கு இரண்டு விரல் தள்ளி, கோட்டுக்குள் அடங்காமல் விழுந்த சிவப்பு. அந்தத் துணி இப்போது கடற்கரைப் பக்கத்து வீதி ஒன்றில், ஏசி போட்ட கூடத்தில் தொங்குகிறது. இந்த மாதக் கடைசி வரை இருக்கும். உள்ளே போகக் காசு கிடையாது. இதைப் படித்து முடித்துவிட்டு நீங்கள் ஒவ்வொருவரும் அங்கே போக வேண்டும் என்பது என் ஆசை. பழைய கதை பேசி மகிழ்வதற்காக இல்லை. நான் கேட்ட கேள்வியை நீங்களும் கேட்பதற்காக.

நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். எனக்கு அப்படித்தான் சொல்ல வரும்.

என் தம்பி மகள் ஓவியம் படிக்கிறாள். புதன்கிழமை சாயங்காலம் உழவர்கரையில் என் வீட்டுக்கு வந்து, "வா அத்த, ஒரு எக்ஸிபிஷன் இருக்கு, எப்பப் பாத்தாலும் ஆபீஸு வீடுன்னு இருக்காத" என்று ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனாள். மழை விட்டு ஈரமாக இருந்தது. மஞ்சள் சுவர், உயரமான பச்சைக் கதவு. உள்ளே கூரையிலிருந்து தரைவரை நீள நீளமாகத் துணிகள் தொங்கின. ஒரு ஸ்டாண்டு ஃபேன் தலையைத் திருப்பித் திருப்பி அவற்றை அசைத்துக்கொண்டிருந்தது. மூலையில் மூன்று கால் நாற்காலி ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. அந்த நாற்காலி எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

"இது இன்னாம்மா?" என்றேன்.

"இன்ஸ்டலேஷன் அத்த."

"யாரோ ஜன்னல் திரைய காயப் போட்டிருக்காங்கன்னு நெனச்சேன்."

"மெதுவாப் பேசு. அந்த வெள்ளைக்காரம்மா திரும்பிப் பாக்குது. உனக்குப் புரியணும்னு ஒண்ணும் இல்ல. சும்மா நில்லு. உனக்குள்ள ஏதோ நடக்கும்."

நடந்தது. சுவரில் வைத்திருந்த சிறிய ஸ்பீக்கரிலிருந்து மில் சங்கு ஊதியது. நம் தெருக் கூரைகளை அதிரவைத்த அதே சங்கு, இப்போது பொம்மைச் சங்குபோல ஒடுங்கி வந்தது. அப்படியும் என் வலது கை தானாகத் தூக்குச்சட்டியைத் தேடியது. அந்தச் சங்குக்கு அப்பாவுக்குச் சோறு கொண்டுபோக வேண்டும். கை வெறுமையாகத் தொங்கியபோதுதான் எதிரே இருந்த துணியைக் கவனித்தேன். வெறும் பூ. தள்ளி விழுந்த சிவப்பு.

கிட்டே போய் முகர்ந்து பார்த்தேன். புதுத் துணியாக இருந்தபோது அதில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். அச்சுச் சாயத்தில் மண்ணெண்ணெய் கலப்பார்கள் என்று அப்பா சொல்வார். அவர் சட்டையிலும் அதே வாடைதான். இப்போது ரசகற்பூர உருண்டை வாசம் மட்டும் வந்தது. யாரோ நெடுங்காலம் பெட்டியில் வைத்துப் பாதுகாத்திருக்கிறார்கள்.

சுவரில் ஒரு அட்டை. பிரெஞ்சிலும் இங்கிலீஷிலும் கடைசியாகத் தமிழிலும் எழுதியிருந்தது. தமிழில் இருந்ததை அப்படியே எழுதிக்கொண்டு வந்தேன்: "இயந்திரத்தின் ஒழுங்கை மீறத் துணிந்த என் தந்தைக்கு. பூ தன் எல்லையைத் தாண்டிய அன்று அவர் இயந்திரத்தை நிறுத்தவில்லை. அழகு பிழையில் பிறக்கிறது."

பக்கத்தில் அந்தக் கலைஞரின் படம். நரைத்த குட்டை முடி, பெரிய காதணி. முன்பற்களுக்கு நடுவே இருந்த இடைவெளியை வைத்துக் கண்டுபிடித்தேன். மில் மேஸ்திரியின் மகள். நம்மோடு படித்து, பிறகு கல்யாணம் ஆகி பிரான்சுக்குப் போனவள்.

"அத்த, என்ன ஆச்சு? ஃபீல் ஆவுதா?" என்றாள் தம்பி மகள்.

"ஆவுது" என்றேன்.

உங்களில் பலருக்கு இந்தத் துணியின் கதை பாதிதான் தெரியும். மீதியை நான் சொல்கிறேன்.

அப்பா மில்லில் அச்சடிக்கும் பிரிவில் இருந்தார். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு உருளை. துணி அவற்றின்மேல் ஓடும்போது ஒரு உருளை கோடு போடும், அடுத்தது அந்தக் கோட்டுக்குள் சிவப்பை நிரப்பும். உருளை கொஞ்சம் நழுவினாலும் பூ ஒரு பக்கம், நிறம் ஒரு பக்கம். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் அப்பா வேலை. அவருக்கு மேலே மேஸ்திரி.

அந்த வருட ஆவணியில் எனக்குக் காய்ச்சல். ராத்திரி முழுக்க அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்தார். அவர் கழுத்தில் முகம் வைத்துப் படுத்திருந்ததும், காதுக்குள் அவர் "ம்… ம்…" என்று சொல்லிக்கொண்டே இருந்ததும் எனக்கு நினைவிருக்கிறது. காலையில் முகம் கழுவிக்கொண்டு பகல் ஷிஃப்ட்டுக்குப் போனார். அன்றுதான் பூ நழுவியது. கட்டுக்கட்டாகத் துணி கெட்டுப்போன பிறகே மேலதிகாரிகளுக்குத் தெரிந்தது. மெஷின்காரன் நின்றுகொண்டே தூங்கிவிட்டான் என்று மேஸ்திரி எழுதிக் கொடுத்தார். அப்பாவை சஸ்பெண்ட் செய்தார்கள்.

வீட்டுக்கு வந்து அப்பா சொன்னது இவ்வளவுதான். "பூ தள்ளிப் போவுதுன்னு பாத்த ஒடனே ஓடிப் போய் மேஸ்திரிகிட்ட சொன்னேன். நிறுத்திடட்டுமான்னு கேட்டேன். லாரி வெளிய நிக்குது, எதுக்குடா நிறுத்துற, ஓட்டுன்னாரு. ஓட்டுனேன்."

அம்மா நம்பவில்லை. அதில் தப்பு சொல்ல முடியாது என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். அவர் கண் சிவந்து வேலைக்குப் போனதைப் பார்த்தவள் அவள்தான். வேலையைக் காப்பாற்ற அவளுக்குத் தெரிந்த ஒரே வழியை எடுத்தாள். மறுநாள் அப்பாவுக்குத் தெரியாமல் என்னைப் போர்வையோடு இழுத்துக்கொண்டு மேஸ்திரி வீட்டுக்குப் போனாள்.

மேஸ்திரி வீட்டு வாசல் சிமெண்டு போட்டு வழவழப்பாக இருக்கும். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி மகள் கதவைப் பிடித்துக்கொண்டு, பன்னைப் பிய்த்துத் தின்றபடி என்னையே பார்த்தாள். எங்களை உள்ளே கூப்பிடவில்லை.

"ராத்திரி பூரா இவளத் தோள்ல போட்டுக்கினு நடந்தாருங்க" என்றாள் அம்மா. "ஒடம்பு அசந்திருக்கும். கண்ணு மூடியிருக்கும். வேணும்னு செய்யலீங்க. நீங்கதான் பெரிய மனசு பண்ணணும்."

மேஸ்திரி கோபப்படவில்லை. அவர் முகம் மலர்ந்ததுகூட எனக்கு இப்போது தெரிகிறது. "அப்ப அசந்தது நெசந்தான். நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க. நீ சொன்னதா சொல்றேன், போம்மா, பாத்துக்கலாம்" என்றார். போகும்போது எனக்கும் ஒரு பன் கொடுக்கச் சொன்னார். காய்ச்சல் வாயில் அது கசந்தது. அம்மா முகத்துக்காகத் தின்றேன்.

விசாரணையில் மேஸ்திரி சொன்ன சொல்லை நம் தெருவே சொல்லிச் சிரித்தது. "அவன் பொண்டாட்டியே வந்து சொல்லிட்டா சார், தூங்கிட்டான்னு." வேலை போனது. அப்பா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அம்மாவைப் பார்த்து, "நான் சொன்னத நீயும் நம்பலியா?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

இனி உங்களுக்குத் தெரிந்த பகுதி. கெட்டுப்போன துணியை மில் ஸ்டோரில் தொழிலாளிகளுக்கு அடிமாட்டு விலைக்குத் தள்ளினார்கள். தீபாவளி வந்தது. தெருவில் ஆண்பிள்ளைகளுக்குச் சட்டை, பெண்பிள்ளைகளுக்குப் பாவாடை, மீந்ததில் தலையணை உறை, ஜன்னல் திரை. முடிவெட்டுகிறவர்கூட அதைத்தான் நம் கழுத்தில் கட்டினார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பூ. அதற்குப் பெயர் வைத்தது நீங்கள்தான். தூங்கின பூ. "உங்கப்பா தூங்கின பூவப் போட்டுக்கினு நாங்க பட்டாசு வெடிக்கிறோம் பாரு" என்று சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். இப்போது அவருக்குப் பேரப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இதையும் அவர் படிப்பார்.

என் அம்மாவும் அதே துணியில்தான் எனக்குப் பாவாடை எடுத்தாள். வேலை இல்லாத வீட்டுக்கு அதைவிட மலிவாக ஊரில் வேறு துணி இல்லை. தீபாவளிக் காலையில் அதைக் கட்டிக்கொண்டு அப்பா முன்னால் போய் நின்றேன். அவர் குனிந்து மடிப்பைச் சரிசெய்தார். ஒரு பூவின்மேல் விரலை வைத்து, அதன் சிவப்பு விழுந்த இடம்வரை நகர்த்திப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

மேஸ்திரி மகள் மட்டும் அன்றைக்கு நீல நிறத்தில் கடை ஃபிராக் போட்டிருந்தாள். வெள்ளை லேஸ் வைத்தது. அவள் அப்பாவும் அந்தத் துணியில் ஒரு முழுக் கட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார், பரணில் மெத்தைகளைச் சுற்றி வைக்க. கூடத்தில் தொங்குவது அந்தக் கட்டுதான்.

பிறகு அப்பாவுக்குக் கிடைத்த வேலையை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன். சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ராத்திரிக் காவல். தூங்கினான் என்று துரத்தப்பட்டவருக்கு விழித்திருப்பதற்குச் சம்பளம். "அங்கயாவது கண்ணத் தொறந்துக்கினு இரு" என்பாள் அம்மா, சாப்பாட்டைக் கட்டிக் கொடுக்கும்போது. முதலில் வேடிக்கையாகத்தான் சொன்னாள். நாளாக நாளாக அது அவருக்கு வழியனுப்பும் சொல் ஆகிவிட்டது. ராத்திரி வேலை பார்த்தவர் பகலில் தூங்க வேண்டும் அல்லவா? அப்பா தூங்க மாட்டார். யாராவது பார்க்கிற இடத்தில் பகலில் படுக்கவே மாட்டார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். யாராவது வரும் சத்தம் கேட்டால் கண்ணைப் பெரிதாகத் திறப்பார். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது, ரவுண்ட்ஸ் வந்த நர்ஸ், "அப்பா, கண்ண மூடிப் படுங்க" என்று சொன்னதற்கு, "நான் தூங்கலம்மா" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அந்த நர்சுக்கு எதுவும் புரிந்திருக்காது.

என் பாவாடை எனக்குப் பற்றாமல் போனதும் திரையாகி, பிறகு பிடிதுணியாகி, கடைசித் துண்டு அப்பாவின் சைக்கிளுக்கு வந்தது. சீட்டில் படிந்த பனியைத் துடைக்க அதை ஹாண்டில்பாரில் கட்டி வைத்திருந்தார். எந்த நாளில் அது தொலைந்தது என்று தெரியவில்லை. எதையும் தேதி போட்டு எழுதி வைக்கிற எனக்கு இந்த ஒன்று மட்டும் பிடிபடவில்லை.

பிழையாக இருந்தவரை அது எங்களுடையது. கலையானதும் அவர்களுடையது. இதைத்தான் அந்தப் புதன்கிழமை கூடத்தில் நின்று யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை கலைஞர் பேசுகிறார், அவர் தந்தையும் வருகிறார் என்று வாசலில் ஒட்டியிருந்தது. நான்கு நாள் இருந்தது. என்ன கேட்பது என்று யோசிக்க எனக்கு அது போதும்.

கோபமாகக் கேட்டால் மேஸ்திரி வாயைத் திறக்க மாட்டார். எங்கப்பா வேலை ஏன் போச்சு என்று கேட்டால் வயசானவரைத் தொந்தரவு செய்யாதே என்று என்னை வெளியே அனுப்புவார்கள். ஆகவே ரசிகையாகப் போவது என்று முடிவு செய்தேன். நல்ல பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். தம்பி மகளிடம், "நான் எழுந்து பேசுறப்ப என் போன்ல வீடியோ எடு, கை ஆடாம எடு" என்றேன்.

மேஸ்திரி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எண்பது தாண்டியிருக்கும். மடிப்புக் கலையாத வேட்டி, காதில் மெஷின். அவரைப் பார்த்ததும் எனக்கு இரக்கம் வந்துவிடுமோ என்று பயந்துகொண்டே போனேன். வரவில்லை. மகள் பிரெஞ்சும் தமிழும் கலந்து வெகுநேரம் பேசினாள். எல்லை, உடல், உழைப்பு, மறுப்பு. கடைசியில் யாருக்காவது கேள்வி உண்டா என்றார்கள். நான் எழுந்தேன்.

"ஐயா, கும்பிடுறேன். இந்தத் துணியப் பாத்து நான் மலைச்சுப் போய் நின்னுட்டேன். இப்பிடி ஒரு முடிவ எடுக்க எத்தினி பேருக்குத் தைரியம் வரும்? அன்னைக்கு இன்னா நடந்துச்சுன்னு உங்க வாயால சொன்னா நாங்க கேட்டுக்குவோம்."

அவர் முகம் மலர்ந்தது. பன் கொடுக்கச் சொன்னபோது மலர்ந்த அதே மாதிரி. மைக்கை வாங்கிக்கொண்டார்.

"மெஷின் மேல இருந்தவன் அலறிப் பொடைச்சிக்கினு ஓடி வந்தான். மேஸ்திரி, பூ தள்ளிப் போவுது, நிறுத்திடட்டுமான்னான். நாந்தான் சொன்னேன், எதுக்குடா நிறுத்துற, ஓட்டுன்னேன். ஓட்டுனான். இன்னிக்கு நீங்கள்லாம் வந்து பாக்குறீங்க."

மகள் அதை பிரெஞ்சில் சொன்னாள். கைதட்டல் எழுந்தது. வெள்ளைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள்.

"ஓடி வந்தவர் பேரு ஞாபகம் இருக்குங்களா ஐயா?"

"யாரு?"

"நிறுத்தச் சொல்லி ஓடி வந்தவரு."

"அதெல்லாம் எங்கம்மா ஞாபகம் இருக்கு? எத்தினி பேரு வந்தான், எத்தினி பேரு போனான்."

நானும் கைதட்டினேன். அந்தக் கூடத்தில் எல்லோரையும்விட நெடுநேரம் தட்டியது நான்தான். அப்பா சொன்னதை, அப்பா சொன்ன அதே சொற்களில், அந்த ஆள் மைக்கில் சொல்லிவிட்டார். அது வாக்குமூலம் என்று அங்கே இருந்த யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தால் போதும் என்றுதான் அப்போது நினைத்தேன்.

போதவில்லை. அன்றைக்கே நெல்லித்தோப்புக்குப் போனேன். அம்மா தம்பியோடு இருக்கிறாள். கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"யாருடி இது? மேஸ்திரியா? இன்னும் இருக்கானா?"

"பேசாமக் கேளு."

கேட்டாள். "சத்தமா வை" என்றாள். மறுபடி வைத்தேன். 'ஓடி வந்தான்' என்ற இடத்தில் கையைத் தூக்கினாள். நிறுத்தினேன்.

"யாரு ஓடி வந்தாங்களாம்?"

"அப்பாதாம்மா. வேற யாரு?"

கீரைத் தண்டு அவள் விரலில் அப்படியே இருந்தது. "நாந்தானடி போயி சொன்னேன்" என்றாள். "அசந்திருக்கும்னு நாந்தானே போயி சொன்னேன்."

அவளைத் தேற்றுவதற்காக நான் அதைக் காட்டவில்லை. அங்கயாவது கண்ணத் தொறந்துக்கினு இரு என்று அவள் சொல்லி அனுப்பிய ஒவ்வொரு ராத்திரியும் என் காதில் இருந்தது. அவளுக்கும் தெரியட்டும் என்றுதான் போனேன். தெரிந்தது. நான் கிளம்பி வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் தம்பி போன் செய்தான். "அம்மா குளிச்சுப் புடவ கட்டிக்கினு வாசல்ல நிக்குது. உன்னைக் கூப்புடுது. எதுக்குன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குது." ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். "எங்க தொங்க விட்டிருக்கா? கூட்டிக்கினு போ" என்றாள்.

கூடத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. ஃபேன் சுற்றியது. அம்மா செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தாள். முதல் துணியின் ஓரத்தைப் பிடித்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தேய்த்துப் பார்த்தாள். திருப்பி உள்பக்கம் பார்த்தாள். மேசையில் இருந்த பெண் ஓடி வந்தாள்.

"ஆயா, தொடக்கூடாது. அங்க எழுதியிருக்கு பாருங்க."

"இத எத்தினி வருசம் கல்லுல அடிச்சுத் தொவைச்சிருக்கேன் தெரியுமா?" என்றாள் அம்மா. "நான் தொட்டா ஒண்ணும் ஆவாது."

பேச்சுச் சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து மேஸ்திரி மகள் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை கேள்வி கேட்டவள் என்று என்னை அடையாளம் கண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"என்னைத் தெரியலியா? காய்ச்சலோட உங்க வீட்டு வாசல்ல போர்வையப் போத்திக்கினு நின்னேன். நீ பன் தின்னுக்கினு பாத்த."

அவள் சிரிப்பு நின்றது. என் முகத்தையே பார்த்தாள். மெல்ல மெல்ல அவளுக்கு எல்லாம் வந்து சேர்வது தெரிந்தது. நான் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். ஓடி வந்தவர் எங்கப்பா. உங்கப்பா ஓட்டச் சொன்னார். ஓட்டியவர் தூங்கினார் என்று எழுதிக் கொடுத்தவரும் உங்கப்பாதான். ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்னதை நீதான் பிரெஞ்சில் சொன்னாய். என் போனில் இருக்கிறது. அந்த அட்டையில் ஒரு வரி சேர்க்க வேண்டும். நிறுத்தச் சொல்லி ஓடி வந்த ஒருவருக்கு இந்தத் துணியால் வேலை போனது என்று. மூன்று மொழியிலும்.

"அப்பிடிப் போட்டா இந்த வொர்க்கோட அர்த்தமே மாறிடும்" என்றாள்.

"மாறட்டும்."

"அப்பாவுக்கு வயசாயிடுச்சு. இதெல்லாம் அவர் தாங்க மாட்டாரு."

"எங்கப்பாவுக்கும் வயசாச்சு. பகல்ல ஒரு நாள்கூடப் படுக்காமயே ஆச்சு."

அவள் என்னிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போதுதான் துணிக்கு நடுவே நின்றிருந்த அம்மாவைப் பார்த்தாள். ஃபேன் திரும்பும்போது அம்மாமேல் துணி படிந்தது, விலகியது. கிழவியிடமாவது இதமாகப் பேசிவிடலாம் என்று நினைத்தாளோ என்னவோ, குரலைத் தணித்துக் கேட்டாள்.

"அம்மா, நீங்க…?"

அம்மா கையிலிருந்த துணி ஓரத்தை விடவில்லை.

"அன்னிக்கு முழிச்சிருந்தவரோட பொண்டாட்டி" என்றாள்.